வீட்டு நிலைமையும் குழந்தையின் நுரையீரலும்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். புகைபிடித்தவர்களுக்கு வயதான பிறகு வரும் நோய் என்றுதான் அதை நெடுங்காலமாக நினைத்துவந்தோம். நன்றாக இருந்த நுரையீரல், ஆண்டுக்கணக்கில் புகையை வாங்கி வாங்கிக் கெட்டுப்போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்ட மக்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தபோது வேறொன்று தெரிந்தது. அந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரல் அப்படி வேகமாகத் தேய்ந்திருக்கவில்லை. 40 வயதுக்கு முன்பே அவர்களுடைய நுரையீரல் திறன் குறைவாக இருந்திருக்கிறது. வயது ஏற ஏற எல்லோருக்கும் வருகிற தேய்மானமே அவர்களை நோயாளி ஆக்கப் போதுமானதாக இருந்தது.

ஆக, இந்த நுரையீரல்கள் ஏன் கெட்டன என்று மட்டும் கேட்டால் போதாது. ஏன் முழு அளவுக்கு வளரவில்லை என்றும் கேட்க வேண்டும். அந்த வளர்ச்சி கருப்பையில் தொடங்கி 20 வயது தாண்டும்வரை நடக்கிறது. அந்தக் காலம் முழுக்க ஒரு பிள்ளை எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது, எந்த அறையில் தூங்குகிறது, இருமல் வந்தால் எத்தனை நாள் கழித்து மருத்துவரிடம் போகிறது என்பதெல்லாம் குடும்பத்தின் வருமானத்தோடும், பெற்றோரின் வேலையோடும், வாடகைக்குக் கட்டுப்படியாகும் வீட்டோடும் பின்னிக் கிடக்கிறது. பெற்றோரின் அக்கறை எவ்வளவு பெரிதானாலும், அந்த அக்கறையைச் செயலில் காட்டுவதற்கான வழிகள் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

வளர்ச்சிக்கென்று ஒரு காலம்

கருவின் 4-ஆவது வாரத்தில் நுரையீரலின் முதல் மொட்டு தோன்றுகிறது. மூச்சுக்குழாய்கள் கிளை கிளையாகப் பிரியும் வேலை 17-ஆவது வாரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அதன்பிறகு இருக்கிற கிளைகள் நீளும், அகலும், புதிதாகக் கிளைக்காது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறுகிற இடமான நுண்ணறைகள் கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில்தான் உருவாகத் தொடங்குகின்றன. பிறக்கும்போது சில கோடி நுண்ணறைகள் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு 30 முதல் 50 கோடி வரை. இந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வயதுக்குள் நடந்துவிடுகிறது, மிச்சம் பதின்பருவம் வரை மெதுவாகத் தொடர்கிறது. நுரையீரலின் திறன் 20 முதல் 25 வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, அங்கிருந்து இறங்கத் தொடங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது என்பதுதான். கடைசி வாரங்களில் நடக்க வேண்டியதை குறைமாதத்தில் பிறந்த குழந்தை வெளியே வந்துதான், காற்றையும் கிருமிகளையும் எதிர்கொண்டபடியே செய்துமுடிக்க வேண்டும். 2020-இல் மட்டும் உலகில் 1.34 கோடிக் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. குறைமாதப் பிரசவம் எந்த வீட்டிலும் நடக்கலாம். ஆனால் கர்ப்பகாலத்தில் போதிய உணவில்லாத, ஓய்வில்லாமல் உழைக்க வேண்டிய, பரிசோதனைக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய தாய்மார்களிடம் அதன் வாய்ப்பு கூடுகிறது.

கருவிலும் முதல் வயதிலும் நடந்தது எவ்வளவு காலம் தடம் விட்டுச்செல்லும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் கிடைத்த சான்றை இன்றும் மருத்துவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். அங்கே 1911 முதல் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடுவீடாகப் போய், பிறந்த குழந்தையின் எடையையும் ஒரு வயதில் அதன் எடையையும் பேரேடுகளில் எழுதிவைத்தார்கள். டேவிட் பார்க்கரும் அவருடைய குழுவினரும் அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்து, அந்தக் குழந்தைகளில் முதியவர்களாகிவிட்ட ஆண்களின் நுரையீரலைச் சோதித்தார்கள். 1991-இல் வெளியான முடிவு இது: எடை குறைந்து பிறந்தவர்களின் நுரையீரல் திறன், 60 ஆண்டுகள் கழித்தும் குறைவாகவே இருந்தது. புகைபிடித்தாரா இல்லையா என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. ஒரு வயதுக்குள் நிமோனியாவோ மார்ச்சளியோ வந்தவர்களிடமும் அதே குறைவு. முதல் ஆண்டில் எடை கூடாத குழந்தைகளில் பின்னாளில் நுரையீரல் நோயால் இறந்தவர்கள் அதிகம்.

நேபாளத்தில் நடந்த ஒரு சோதனையும் இதோடு சேர்கிறது. கர்ப்பத்துக்கு முன்னும், கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பின்னும் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளை 9 முதல் 13 வயதுக்குள் சோதித்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற தாய்மார்களின் பிள்ளைகளைவிட அவர்களின் நுரையீரல் கொள்ளளவு கூடுதலாக இருந்தது. வைட்டமின் ஏ பற்றாக்குறை பரவலாக இருந்த பகுதி அது. தாயின் தட்டில் என்ன இருந்தது என்பது பத்து ஆண்டுகள் கழித்துப் பிள்ளையின் மூச்சில் தெரிந்தது.

வீட்டுக்குள் இருக்கிற காற்று

ஒரு நிமிடத்தில் பெரியவர்கள் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 40 முதல் 60 தடவை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குள் போகும் காற்று நம்மைவிட மிக அதிகம், அதோடு வருகிற அழுக்கும் அப்படியே. குழாய்கள் குறுகலானவை என்பதால் சிறிய வீக்கம்கூட மூச்சைத் திணறவைக்கும்.

உலகில் சுமார் 210 கோடிப் பேர் இன்னும் விறகு, கரி, வறட்டி, மண்ணெண்ணெய் போன்றவற்றில்தான் சமைக்கிறார்கள். அந்தப் புகையால் 2020-இல் 32 லட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களில் 2.37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. சமைப்பவர் தாய் என்றால் அவர் மடியிலோ முதுகிலோ குழந்தை இருக்கும். வீட்டில் அடுப்புக்கு மிக அருகில் அதிக நேரம் இருக்கிற ஆள் சில சமயம் அந்தக் குழந்தைதான்.

சரி, அடுப்பை மாற்றினால் போதுமா? நியாயமான கேள்வி. இதற்குக் கிடைத்த விடைதான் இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது எதிர்பார்த்தபடி வரவில்லை. குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் திறந்த அடுப்புக்குப் பதிலாகப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கட்டிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வந்த முடிவின்படி, கடுமையான நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மருத்துவர்கள் கண்டறிந்த நிமோனியா மொத்தத்தில் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மலாவியில் புகை குறைவாக விடும் விறகடுப்புகளை வைத்து இன்னும் பெரிதாக ஒரு சோதனை நடந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவில் நிமோனியாவில் எந்த மாற்றமும் இல்லை. அப்புறம் குவாத்தமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளின் வீடுகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுண்தூசி பெருமளவு குறைந்தது. அப்படியும் ஒரு வயதுக்குள் வரும் கடுமையான நிமோனியா குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு கேஸ் அடுப்பு வீண் என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது பெரிய தவறு. நுண்தூசி குறைவது இதயத்துக்கும் கண்ணுக்கும் தாயின் நுரையீரலுக்கும் நல்லது, விறகு சுமக்கும் நேரமும் மிச்சம். இந்தச் சோதனைகள் சொல்வது வேறு. வறுமை ஒரு குழந்தையின் நுரையீரலுக்கு ஒற்றை வழியில் வருவதில்லை. அடுப்பை மாற்றிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் விறகு எரிகிறது, தெருக்கோடியில் குப்பை எரிகிறது, ஒரே அறையில் ஐந்தாறு பேர் தூங்குகிறார்கள், எடை குறைந்து பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசித் தவணை தள்ளிப்போகிறது. ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றவை அந்த நன்மையை விழுங்கிவிடுகின்றன. நிமோனியா 2019-இல் 5 வயதுக்குட்பட்ட 7.4 லட்சம் குழந்தைகளைக் கொன்றது. அந்த மரணங்களின் பின்னால் ஊட்டக்குறைவு, நெரிசல், புகை, தாமதமான சிகிச்சை எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன.

நெரிசல் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மூச்சுக்குழாய்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள் பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷம். மூன்று மாதக் குழந்தைக்கு அதுவே மருத்துவமனைப் படுக்கை. பள்ளிக்குப் போகும் அண்ணனோ அக்காளோ கொண்டுவரும் சளி, தனி அறையில்லாத வீட்டில் ஒரே இரவில் எல்லோருக்கும் போய்ச் சேரும். காசநோயும் இதே வழியில்தான் பரவுகிறது.

புகை இல்லாத, குளிர் மிகுந்த நாடுகளில் வறுமை ஈரமாக வருகிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அவர்கள் இருந்தது சமூக வாடகைக் குடியிருப்பு. சுவரெங்கும் பூஞ்சணம். 2017-லேயே தந்தை புகார் செய்திருந்தார், மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று தாங்களாகவே ஊகித்துக்கொண்டதாக வீட்டு நிர்வாகம் பின்னர் ஒப்புக்கொண்டது. இந்த ஊகம் அந்த ஒரு நிர்வாகத்தோடு முடிவதல்ல. ஏழை வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு என்றால், வீட்டைச் சுத்தமாக வைக்கவில்லையா என்று முதலில் தாயைக் கேட்கும் பழக்கம் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. சுவருக்குள் கசியும் தண்ணீரை எந்தத் தாயாலும் துடைத்து நிறுத்த முடியாது. 2023-இல் அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. ஈரம், பூஞ்சணம் பற்றிய புகார்களைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் சமூகக் குடியிருப்பின் உரிமையாளர்கள் சரிசெய்தாக வேண்டும் என்கிற அந்த விதி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

வீட்டைச் சரிசெய்தால் பலன் உண்டா என்பதற்கு நியூசிலாந்தில் தெளிவான விடை இருக்கிறது. வருமானம் குறைந்த பகுதிகளில், வீட்டில் ஒருவருக்காவது சுவாச நோய் இருந்த 1,350 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதி வீடுகளின் கூரைக்கும் தரைக்கும் உடனே குளிர்காப்பு போட்டார்கள், மீதி வீடுகளுக்கு ஒரு குளிர்காலம் கழித்து. முதலில் சரிசெய்யப்பட்ட வீடுகளில் மூச்சிரைப்பு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கு விடுப்பு எடுப்பதும் குறைந்தது. 2008-இல் வந்த அடுத்த ஆய்வில், ஆஸ்துமா உள்ள 409 குழந்தைகளின் வீடுகளில் புகை கக்காத நல்ல ஹீட்டர்களைப் பொருத்தினார்கள். ஊதிப் பார்க்கும் சோதனையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் இரவு இருமல், மூச்சிரைப்பு, மருத்துவரிடம் ஓடுவது எல்லாம் குறைந்தன. ஒரு குளிர்காலத்தில் நுரையீரலின் அளவு மாறிவிடாது, அந்தக் குளிர்காலம் எப்படிக் கழிகிறது என்பது மாறும்.

சிகரெட் புகையைப் பற்றிப் பேசாமல் வீட்டுக் காற்றைப் பற்றிப் பேச முடியாது. கர்ப்பிணி புகைபிடித்தால் நிகோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூச்சுக்குழாய்களை அடைகிறது. பிறந்த உடனே சோதித்தாலும் அந்தக் குழந்தையின் நுரையீரல் திறன் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் வருமானம் குறையக் குறைய புகைப்பழக்கம் கூடுகிறது. தனிமனித ஒழுக்கம் என்று இதைச் சுருக்குவதைவிட, ஸ்காட்லாந்தில் நடந்ததைப் பார்ப்பது பயனுள்ளது. 2006 மார்ச்சில் அங்கே பணியிடங்களிலும் மூடிய பொது இடங்களிலும் புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 5.2 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. தடைக்குப் பின் ஆண்டுக்கு 18.2 சதவீதம் என்ற வேகத்தில் இறங்கியது. வெளியே பிடிக்க முடியாதவர்கள் வீட்டுக்குள் பிடிப்பார்கள், குழந்தைகள் பாடு இன்னும் மோசமாகும் என்று பயந்தவர்கள் உண்டு. அது நடக்கவில்லை.

தெருவைத் தேர்ந்தெடுப்பது யார்?

வாடகை குறைவாக இருக்கும் இடம் பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டியோ, தொழிற்சாலைக்குக் காற்றடிக்கும் திசையிலோ, குப்பைமேட்டுக்குப் பக்கத்திலோ இருக்கிறது. சில இடங்களில் இது தற்செயலாக நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக்கடன் கொடுப்பதற்காக நகரங்களை வண்ணம் பிரித்து வரைபடம் போட்டார்கள். கறுப்பினத்தவரும் குடியேறியவர்களும் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு, அங்கே கடன் கிடைப்பது கடினம். கலிஃபோர்னியாவின் 8 நகரங்களில் 2020-இல் வெளியான ஆய்வு, அன்று சிவப்பு பூசப்பட்ட பகுதிகளில் ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கு ஓடுவது, நல்ல மதிப்பெண் பெற்ற பகுதிகளைவிட 2.4 மடங்கு அதிகம் என்று காட்டியது. வரைபடம் போட்டவர்கள் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது.

தெருக் காற்று நுரையீரலின் வளர்ச்சியையே தடுக்கிறது என்று உறுதியாகக் காட்டியது தெற்குக் கலிஃபோர்னியாவில் நடந்த குழந்தைகள் ஆய்வு. 12 ஊர்களில் பிள்ளைகளை 10 வயதிலிருந்து 18 வயது வரை ஆண்டுதோறும் சோதித்தார்கள். 2004-இல் வந்த முடிவு: நுண்தூசி மிக அதிகமான ஊரில் 18 வயதில் நுரையீரல் திறன் கவலைப்படும் அளவுக்குக் குறைந்தவர்கள் 7.9 சதவீதம், மிகச் சுத்தமான ஊரில் 1.6 சதவீதம். ஆஸ்துமா இல்லாத, புகைபிடிக்காத பிள்ளைகளிடமும் இந்த வித்தியாசம் இருந்தது.

லண்டனில் தெற்குச் சுற்றுச்சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசு அந்த மரணத்தில் கணிசமான பங்கு வகித்தது என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை தீர்ப்பளித்தது. பிரிட்டனில் ஒருவரின் மரணக் காரணமாகக் காற்று மாசு எழுதப்பட்டது அதுவே முதல் முறை. அந்தத் தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. காற்று மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்ற தகவலைத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எதையாவது செய்து, மரணத்தைத் தடுத்திருக்க வாய்ப்பு உண்டு என்று தீர்ப்பு குறிப்பிட்டது. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 30 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தை அவள்.

காற்றோடு கூட மனக்கவலையும் சேர்கிறது. இதை நம்புவது முதலில் கொஞ்சம் கடினம். கவலை எப்படி மூச்சுக்குழாயைச் சுருக்கும்? நீண்டகால மன அழுத்தம் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பையும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் நடத்தையையும் மாற்றுகிறது. அழற்சி எளிதில் தூண்டப்படும், அடங்க நேரமாகும். தெற்குக் கலிஃபோர்னியாவிலேயே 2009-இல் வந்த ஓர் ஆய்வில், வாகனப் புகை ஆஸ்துமாவை உண்டாக்கும் வேகம், பெற்றோர் மிகுந்த மன அழுத்தத்தில் இருந்த வீடுகளின் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்தது.

பால்டிமோர் நகரில் நடந்தது இதைவிடத் தெளிவானது. ஆஸ்துமா உள்ள 123 குழந்தைகளின் குடும்பங்கள், அரசு வாடகை உதவித் திட்டத்தின் மூலம் வறுமை மிகுந்த பகுதிகளிலிருந்து வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. முன்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்தால் 15.1 சதவீதக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா தாக்குதல் வந்திருந்தது. இடம் மாறிய பிறகு அது 8.5 சதவீதமானது. இரண்டு வாரத்தில் சராசரியாக 5.1 நாள் தொல்லைப்பட்டவர்கள் 2.7 நாளுக்கு வந்தார்கள். இந்த முன்னேற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மன அழுத்தம் குறைந்ததும் பாதுகாப்பு உணர்வு கூடியதும் காரணமாக இருக்கலாம் என்று 2023-இல் வெளியான அந்த ஆய்வு மதிப்பிட்டது. குழந்தைகள் மாறவில்லை, பெற்றோரும் மாறவில்லை. முகவரி மாறியது.

மருந்து இருந்தும் கிடைக்காதபோது

ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைக்க இரண்டு வகை இன்ஹேலர்கள் போதும் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்மை. உடனடி நிவாரணத்துக்கு ஒன்று, அழற்சியைத் தணிக்கத் தினமும் ஸ்டீராய்டு கலந்த ஒன்று. இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. கையில் பணம் குறைவாக உள்ள குடும்பம் எதை வாங்கும்? உடனே பலன் தெரிவதைத்தான். தினமும் எடுக்க வேண்டியது நின்றுபோகும், அழற்சி உள்ளே தொடரும், ஒரு நாள் இரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டியிருக்கும். 2019-இல் ஆஸ்துமாவால் 4.55 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இங்கே ஒரு பயனுள்ள தகவல். சிறு குழந்தைக்கு இன்ஹேலர் கொடுக்க, மருந்தைச் சற்றுத் தேக்கிவைக்கும் ஸ்பேசர் என்ற குடுவை இடையில் வேண்டும், அது இல்லையென்றால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் 1999-இல் நடந்த சோதனையில், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் இன்ஹேலர் நுழையத் துளை போட்டு, இடுக்கைப் பசையால் அடைத்துச் செய்த ஸ்பேசர், கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலைசெய்தது. விலை தடையாக இருக்கும் வீட்டுக்கு மருத்துவர் இதைச் சொல்லித்தந்தாலே ஒரு பெரிய இடைவெளி அடைபடும்.

வறுமை எப்போதும் ஒரே திசையில் தள்ளுமா?

தள்ளாது. 1989-இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர், அண்ணன் அக்காமார் அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு ஒவ்வாமைச் சளி குறைவாக வருவதைக் கண்டார். அமெரிக்காவில் ஒரே மாதிரி மரபணுப் பின்னணி கொண்ட இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்ட 2016 ஆய்வில், வீட்டையொட்டி மாடுகளோடு பழமையான முறையில் விவசாயம் செய்யும் ஆமிஷ் குழந்தைகளில் 5.2 சதவீதம் பேருக்கும், இயந்திர விவசாயம் செய்யும் ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 சதவீதம் பேருக்கும் ஆஸ்துமா இருந்தது. வசதியான நாடுகளில் ஆஸ்துமா உள்ள குழந்தைகள் அதிகம், வசதி குறைந்த நாடுகளில் ஆஸ்துமா வந்தவர்களுக்கு அது கடுமையாக இருப்பது அதிகம். ஆகவே ஒவ்வாமையின் கதையையும் நுரையீரல் வளர்ச்சியின் கதையையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. கிருமிகளோடு பழகுவது ஒவ்வாமையைத் தடுக்கலாம். அதே கிருமி, எடை குறைந்த ஒரு குழந்தைக்கு நிமோனியாவாகி நுரையீரலில் தழும்பை விட்டுப்போகலாம்.

லண்டன் தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் குடும்ப வசதிக்கும் நுரையீரல் அளவுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. அதற்கு என் விளக்கம் இது: தடுப்பூசியும் மருத்துவமும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற, கடுமையான பட்டினி அரிதான இடத்தில் வருமான வித்தியாசம் நுரையீரலை எட்டுமுன் பல இடங்களில் தடுக்கப்பட்டுவிடுகிறது.

அளவுகோலுக்குள் ஒளிந்திருந்த வறுமை

நுரையீரலை அளக்கும் ஸ்பைரோமீட்டரை 1840-களில் உருவாக்கியவர் ஜான் ஹட்சின்சன். ஆழமாக மூச்சிழுத்து முழு வேகத்தில் ஊத வேண்டும். மொத்தம் எவ்வளவு காற்று வந்தது, முதல் நொடியில் எவ்வளவு வந்தது என்ற இரண்டு அளவுகளும்தான் இன்றைக்கு அடிப்படை. அந்த எண்ணை அப்படியே வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதே வயது, அதே உயரம் கொண்ட ஆரோக்கியமான பிள்ளைக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதோடு ஒப்பிட வேண்டும். சிக்கல் இந்த ஒப்பீட்டில்தான்.

அமெரிக்காவின் தெற்கில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தோட்ட மருத்துவர் 1850-களில் இந்தக் கருவியால் அடிமைகளின் நுரையீரலை அளந்து, அது இயற்கையிலேயே சிறியது என்று எழுதினார். அடிமை வாழ்வு அந்த உடல்களுக்கு என்ன செய்தது என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. அந்தக் கருத்து வேறு உருவத்தில் 20-ஆம் நூற்றாண்டின் கருவிகளுக்குள்ளும் வந்தது. கறுப்பினத்தவர் என்றால் எதிர்பார்க்கும் அளவை 10 முதல் 15 சதவீதம், ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம் குறைத்துக்கொள்வது வழக்கமானது. விளைவு என்ன? ஒரு குழந்தையின் நுரையீரல் வளராமல் போயிருந்தாலும், உன் இனத்துக்கு இது சரிதான் என்று கருவி பச்சைக்கொடி காட்டிவிடும். புகை, பட்டினி, நெரிசல் ஆகியவற்றின் தழும்பு பிறவிக் குணம் என்று பதிவாகிவிடும்.

உடல் அமைப்பில் சமூகங்களுக்கிடையே கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், மார்புக்கும் காலுக்கும் உள்ள விகிதம் போன்றவை. ஆனால் மொத்த வித்தியாசத்தையும் அதன் தலையில் கட்டியதுதான் தவறு. இந்தியாவில் 5 முதல் 12 வயதுக் குழந்தைகளைச் சோதித்த ஓர் ஆய்வில், நகரத்து வசதியான குழந்தைகளின் அளவு பிரிட்டனில் வாழும் இந்தியக் குழந்தைகளின் அளவுக்குச் சமமாக இருந்தது. சிறு நகரங்களில் அது குறைந்தது, கிராமங்களில் இன்னும் குறைந்தது. ஒரே மக்கள், வெவ்வேறு வாழ்நிலை. சர்வதேச அளவில் இனப் பாகுபாடு இல்லாத புதிய ஒப்பீட்டுச் சூத்திரம் 2022-இல் வந்தது, அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2023-இல் அதைப் பரிந்துரைத்தது. பழைய மென்பொருள் ஓடும் கருவிகள் இருக்கும் இடங்களில் இந்த மாற்றம் தானாக வராது. பரிசோதனை அறிக்கையில் எந்தச் சூத்திரம் பயன்படுத்தப்பட்டது என்று மருத்துவர்கள் பார்க்க வேண்டும், பெற்றோரும் கேட்கலாம்.

மீட்க முடிவது எவ்வளவு?

இழந்த நுண்ணறைகள் அப்படியே திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வளர்ச்சி 20 வயது தாண்டியும் நடப்பதால், பாதியில் நிலைமை மாறினாலும் பலன் உண்டு. தெற்குக் கலிஃபோர்னியா ஆய்விலிருந்த சில பிள்ளைகள் இடையில் வேறு ஊர்களுக்குக் குடிபோனார்கள். தூசி குறைந்த ஊருக்குப் போனவர்களின் நுரையீரல் வளர்ச்சி வேகமெடுத்தது, தூசி கூடிய ஊருக்குப் போனவர்களுடையது மந்தமானது. அப்புறம் அந்தப் பகுதியின் காற்றே மாறத் தொடங்கியது. வாகனங்களுக்கும் எரிபொருளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விதிகள் இறுகின. 1994 முதல் 2011 வரை மூன்று தொகுதி மாணவர்களை அதே முறையில் சோதித்ததில், 15 வயதில் நுரையீரல் திறன் மிகக் குறைந்தவர்கள் முதலில் 7.9 சதவீதம், அடுத்து 6.3, கடைசியில் 3.6 சதவீதம். யாரும் வீடு மாற வேண்டியிருக்கவில்லை.

பள்ளிகளில் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பதிவதற்கு ஏற்பாடு இருக்கிறது, பல நாடுகளில் கண்ணையும் பல்லையும் பார்க்கிறார்கள். நுரையீரலை அப்படி யாரும் பார்ப்பதில்லை. பதின்பருவத்தில் ஒரு தடவை, ஐந்து நிமிடம் ஊதச்சொல்லிப் பதிந்துவைத்தால் போதும். எந்தத் தெருவின், எந்தக் குடியிருப்பின் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று அந்தப் பதிவேடு காட்டிவிடும். வளர்ச்சிக்கு அவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் மிச்சம் இருக்கும்போதே அது தெரியவரும்.